நிலத் தரகரின் அதிகார வரம்பு
நிலத் தரகர் என்பவர், மனையோ புஞ்சையோ விற்போருக்கு வாங்குவோரைத் தேடித் தந்து, கிரயம் முடிந்ததும் கமிஷன் பெறும் இடையாளர் ஆவார். விலை பேசுவது அவர் பணியாயினும், உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் கிரய ஒப்பந்தம், அதாவது விற்பதாக எழுதித் தரும் உடன்படிக்கை, செய்யும் அதிகாரம் தெளிவாக வழங்கப்பட்டாலன்றி அவருக்கு இல்லை. கல்கத்தாச் சொத்தொன்றைப் பற்றிய அப்துல்லா அகமது வழக்கில் 1950இல் உச்ச நீதிமன்றம், விற்பனைக்குப் பேசுமாறு தரப்பட்ட கடிதம் ஒப்பந்தத்தை முடிக்கும் அதிகாரம் ஆகாது என்றும், ஆயினும் வாங்குபவரைக் கொணர்ந்த தரகருக்குக் கமிஷன் உரியதே என்றும் தீர்ப்பளித்தது; உழைப்பின் பயனையும் உடைமையின் உரிமையையும் பிரித்தறிந்த நியாயமான முடிவு இது. சார்பதிவாளர் முன் உரிமையாளருக்காகக் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிடப் பதிவுபெற்ற பவர் பத்திரம் வேண்டும். அதுவும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, உரிமையாளர் இறந்தால் பொதுவாகச் செயலற்றதாகிவிடும்.