கூரைக்கு ஒரு மூக்கு

கட்டட வரைபடம் போடும் ரெவிட் மென்பொருளில் 'ஓப்பனிங்' என்ற பகுதியில் ஐந்து பொத்தான்கள் இருக்கின்றன. சுவரில் திறப்பு விட ஒன்று, லிஃப்டுக்காக மாடி மாடியாகத் தளத்தைத் துளைக்க ஒன்று என்று நான்குக்கு ஏதாவது வேலை வந்துகொண்டே இருக்கும். ஐந்தாவது 'டார்மர்'. விருதுநகரிலோ சிவகாசியிலோ வீட்டு பிளான் போடுகிறவர்களுக்கு அதை அழுத்த வேண்டிய தேவை அபூர்வம். இந்தப் பக்கம் வீடென்றால் மொட்டை மாடிதான். மேலே தண்ணீர்த் தொட்டி, வத்தல் காயப்போட இடம், படியேறி வரும் முனையில் ஒரு சின்ன அறை. சரிந்த கூரை அரிதாகிவிட்ட ஊரில், சரிந்த கூரையை வெட்டிச் சன்னல் வைக்கிற கருவிக்கு என்ன வேலை?

ஆனால் டார்மர் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. வேறு பெயரில், வேறு உயரத்தில், ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இங்கே இருந்துவருகிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சாய்ந்த கூரையின் நடுவே நிமிர்ந்து எழும் சன்னல்தான் டார்மர். அதற்கென்று தனியாக ஒரு குட்டிக் கூரை, இரு பக்கமும் முக்கோண வடிவில் இரண்டு சுவர்கள். பெயர் தூக்கத்திலிருந்து வந்தது. 'தூங்கு' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சில் படுக்கையறைக்கு ஒரு சொல் கிளைத்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் அது அந்த அறையின் சன்னலுக்குப் பெயராகிவிட்டது. விடுதிகளின் டார்மிட்டரியும் அதே வேர்தான். குளிர்நாட்டு வீடுகளில் செங்குத்தான கூரைக்கு அடியில் பரண் போல ஓர் இடம் மிஞ்சும். அதில் படுப்பவருக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டுமென்றால் கூரையைக் கிழித்துத்தான் ஆகவேண்டும்.

இதை ரெவிட்டில் வரையும்போது அதன் உடற்கூறு நன்றாகப் புரியும். பெரிய கூரையை முதலில் போடவேண்டும். அதன்மேல் குட்டிச் சுவர்களை எழுப்பி, குட்டிக் கூரையைக் கவித்து, அதைப் பெரிய கூரையோடு இணைக்கவேண்டும். சுவர்களின் மேல்விளிம்பைக் குட்டிக் கூரையிலும் கீழ்விளிம்பைப் பெரிய கூரையிலும் ஒட்டவேண்டும். அப்போதுதான் பக்கச் சுவரின் அடி, கூரையின் சரிவுக்கேற்ப சாய்வாக வெட்டுப்படும். கடைசியில்தான் அந்த ஐந்தாவது பொத்தான்: சுற்றெல்லையைத் தேர்ந்தெடுத்தால் பெரிய கூரையில் துளை விழும். எல்லைக் கோடுகள் மூடிய சுற்றாக அமையாவிட்டால் துளை விழாது. சாதாரணச் சன்னல் சுவரை மட்டும் வெட்டும். டார்மரோ கூரையைக் கூரையால் வெட்டுகிற வேலை, பழகியவர்களுக்கே கொஞ்சம் கை நடுங்கும்.

அந்த முக்கோணப் பக்கச் சுவர்களை ஆங்கிலேயத் தச்சர்கள் 'கன்னம்' என்று சொல்வார்கள். நம் சிற்ப நூல்களில் டார்மரை ஒத்த உறுப்பின் பெயர் நாசி. மூக்குதான். மயமதம் போன்ற நூல்களில் சிறியது அல்பநாசி, பெரியது மகாநாசி. வட இந்திய மரபு இதைக் கவாட்சம் என்று கண்ணோடு சேர்க்கிறது, மாட்டின் கண். சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளில் மானின் கண் போன்ற காலதர்களைக் காட்டுகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பலகணியிலும் கண்தான் இருக்கிறது. கூரைக்கு முகம் இருப்பதாகவே எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள், எது மூக்கு, எது கண், எது கன்னம் என்பதில்தான் வேறுபாடு.

தமிழ்ச் சிற்பிகளின் வாய்ச்சொல் இன்னும் எளியது: கூடு. கோயில் விமானத்தில் மழைநீர் வழிய வெளியே வளைந்து நிற்கும் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால், அதன்மேல் வரிசையாகக் குதிரைலாட வடிவில் சிறு வளைவுகள் தெரியும். அவைதான் கூடுகள். மாமல்லபுரத்து ரதங்களில் 7ஆம் நூற்றாண்டுக் கூடுகளை இன்றும் பார்க்கலாம். பல கூடுகளுக்குள் மனிதத் தலை ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது. கந்தர்வ முகம் என்பார்கள். கூடு ஒரு காலத்தில் சன்னலாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை, சுவரிலிருந்து யாரும் எட்டிப் பார்ப்பதில்லையே.

கல்லில் எதற்குச் சன்னல்? இந்த வடிவம் கல்லில் பிறந்ததல்ல. பழைய கூண்டுவண்டியின் மேற்கூட்டை நினைத்துப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து, மேலே பாயைப் போர்த்தி, முன்னும் பின்னும் திறந்திருக்கும். அப்படி வளைத்த கூரையின் வெட்டுமுகம்தான் குதிரைலாடம். பெரிய கூரையின் சரிவில் இப்படி ஒரு சின்னக் கூண்டைக் குறுக்கே பொருத்தினால் டார்மர் வந்துவிடுகிறது. பீகாரின் பராபர் குன்றில் கி.மு. 3ஆம் நூற்றாண்டு லோமச ரிஷி குகையின் வாசல் ஒரு மரக்கூரையின் முகத்தை அப்படியே பாறையில் படியெடுத்தது. மராட்டியத்தில் பாஜா, கார்லே குகைகளில் பாறைக் கூரைக்கு அடியில் நிஜமான மர வளைவுகளையே பொருத்தினார்கள். எதையும் தாங்காத மரம் அது. பார்த்துப் பழகிய கண்ணுக்காக வைத்தது. கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி பழைய சிற்பப் பலகைகளிலிருந்து அந்தக் காலத்து மர வீடுகளையும் நகர வாயில்களையும் மீட்டெழுதியது இத்தகைய கல் நகல்களை நம்பித்தான்.

நமக்கு இந்தக் கூட்டின் அருமையைக் காட்டியவர் புதுச்சேரியில் வாழ்ந்த ழுவோ-துப்ரேய். 1914இல் வெளிவந்த தம் தென்னிந்தியத் தொல்லியல் நூலில், கல்வெட்டே இல்லாத கோயிலுக்கும் காலம் சொல்லலாம் என்றார். அதற்குத் தூணின் தலையில் உள்ள போதிகையைப் பார், கூட்டைப் பார் என்றார். பல்லவர் கூட்டின் உச்சி தட்டையான மண்வெட்டி இலை போல இருக்கும். சோழர் காலத்தில் அந்த இடத்தில் சிங்கமுகம் ஏறிவிடும். ஒரு நாகரிகத்தின் காலவரிசையைப் பரண் சன்னலின் கொண்டையை வைத்து எழுதியது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. மன்னர் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இது நம்பகமான வழி என்றும் தோன்றுகிறது.

சிவகாசியிலிருந்து தெற்கே, கோவில்பட்டிக்கு மேற்கில் கழுகுமலை. அங்கே 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் படைத்த வெட்டுவான்கோயிலில் கூட்டையும் நாசியையும் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். வேறு கோயில்களில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியவை இங்கே, குடைந்த பாறையின் விளிம்பில் நின்றால், கண்மட்டத்துக்கு வந்துவிடும். எண்பட்டைச் சிகரத்தில் நாசி வளைவுகள், கீழே கொடுங்கையில் கூடுகள், தென்புறம் மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்து பாதியில் நிறுத்தியதால், கூரை முடிந்து தரை முடியாத கட்டடம் அது. மென்பொருளில் தரைத்தளத்தைப் போட்டு மேலே போகும் நமக்கு இந்த வரிசையே விநோதம்.

விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி. உச்சியில் கூண்டுவண்டி மேற்கூடு போலவே நீளவாக்கில் கவிந்த கூரை, இரு நுனியிலும் பெரிய வில்முகம். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பது பரவலான நம்பிக்கை. மதுரைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு. எதுவானாலும் அரசு முத்திரையுள்ள தாள் ஒவ்வொன்றிலும் ஒரு வளைகூரை இருக்கிறது, அது மொட்டை மாடி வீட்டுக்கு அனுமதி தரும் தாளாக இருந்தாலும்.

கோயிலில் இருக்கும் டார்மர் வீடுகளில் மட்டும் ஏன் இல்லாமல் போனது? மழைதான் காரணம் என்பது என் எண்ணம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. இந்தப் பக்கம் விருதுநகரில் சுமார் 800. அங்கே செங்குத்தான ஓட்டுக்கூரையும், கூரைக்குள் காற்று போக மரவேலைப்பாடுள்ள சின்ன முகமும் நிலைத்தன. மலையாளத்தில் அதற்குப் பெயர் முகப்பு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் அதைக் காணலாம். இங்கேயும் முகம்தான், கவனியுங்கள். வறண்ட இந்தப் பக்கத்தில் வசதி உள்ளவர்கள் மட்டப்பாவுக்குப் போனார்கள். மற்றவர்கள் பனையோலைக்கும் ஓட்டுக்கும்.

ஓட்டு வீட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் கூரையை வெட்டுவதில்லை. ஓர் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓட்டைச் செருகினால் போதும். ஆனால் அடுப்படிக்கு மேலே புகை போக ஒரு திறப்பு வேண்டியிருந்தது. அதன்மேல் தூக்கிவைத்த சிறு மறைப்புக்குப் பெயர் புகைக்கூண்டு. கூடும் கூண்டும் உறவுச் சொற்கள். சிற்பி கோயிலில் சொன்னதையே வீட்டில் சமைப்பவரும் சொல்லியிருக்கிறார். கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தச் சொல்லுக்கும் வேலை போய்விட்டது.

இப்போது டார்மர் இன்னொரு வழியாக வந்துகொண்டிருக்கிறது. 'எலிவேஷன்' நன்றாக இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்க, முகப்பில் கான்கிரீட்டில் ஒரு சரிவு வார்த்து, மேலே ஓடு பதித்து, நடுவே குட்டிக் கூரையோடு சன்னல் வடிவம் ஒன்றை வைக்கிறார்கள். பின்னால் அறை இல்லை, பரணும் இல்லை. சில வீடுகளில் கண்ணாடிக்குப் பின்னால் சுவரே இருக்கிறது. இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் மட்டும் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்கி ஒழுகத் தொடங்கும்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பல்லவர் காலச் சிற்பி செய்ததும் இதையேதான். அவர் கூட்டுக்குப் பின்னாலும் கெட்டிப் பாறைதான் இருந்தது. ரெவிட்டில் இந்த முகப்புச் சன்னலை வரைகிறவர் டார்மர் பொத்தானைத் தேடிப் போனால் பயனில்லை. அது கூரையில் துளை போடும் கருவி, இங்கே துளையே கிடையாது. ஒரு கெட்டி வடிவத்தைத் தனியாகச் செய்து சரிவின்மேல் ஒட்டிவிடுகிறார். கழுகுமலைக் கூட்டை யாராவது மென்பொருளில் வரைய முனைந்தாலும் அதே வழியில்தான் போகவேண்டியிருக்கும்.