வைக்கோலில் இருந்து புரதம்: ஈஸ்ட் ரெடி, சிக்கல் எங்கே?

அக்டோபர், நவம்பர் வந்தால் பஞ்சாப், ஹரியாணா வயல்களில் நெற்பயிர்க் கழிவுக்குத் தீ வைக்கிறார்கள். டெல்லி வரை புகை போகிறது. அதே நாட்டில், 2021 ஆகஸ்டில் சோயா புண்ணாக்கு விலை எகிறி கோழிப் பண்ணைகள் தவித்தபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி தந்தது.

எரிக்கிற வைக்கோலையே தீவனப் புரதமாக மாற்ற முடியாதா? ஈஸ்ட் மூலம் முடியும். ஆனால் கணக்கு கொஞ்சம் கஷ்டம்.

எப்படி நடக்கிறது?

காற்று இல்லாத தொட்டியில் ஈஸ்டுக்குச் சர்க்கரை கொடுத்தால் ஆல்கஹால் கிடைக்கும். ஆக்சிஜனை நிறையச் செலுத்தி, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினால் ஈஸ்ட் மளமளவெனப் பெருகும். அதைப் பிரித்தெடுத்து உலர்த்தினால் வரும் பொடியில் சுமார் 45-55% புரதம் இருக்கும். சோயா புண்ணாக்கிலும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இது புதுசா?

இல்லை. முதல் உலகப் போரில் இறக்குமதி முடங்கிய ஜெர்மனி, சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸில் ஈஸ்ட் வளர்த்தது. இரண்டாம் உலகப் போரில் மரக்கூழ் ஆலைக் கழிவுநீரில் டொருலா ஈஸ்ட் வளர்த்தார்கள்.

அப்புறம் என்ன சிக்கல்?

மொலாசஸில் சர்க்கரை தயாராக இருக்கிறது. ஆனால் இந்தியாவில் அதற்கு எத்தனால் ஆலைகள் போட்டிக்கு நிற்கின்றன. வைக்கோலில் சர்க்கரை செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸாகப் பூட்டிக் கிடக்கிறது. லிக்னினும் சிலிக்காவும் அதற்குக் காவல். நீராவி, அமிலம், என்சைம் எல்லாம் போட்டுத்தான் உடைக்க வேண்டும். அதில் கிடைக்கும் சைலோஸ் என்ற சர்க்கரையை ரொட்டி ஈஸ்ட் இயல்பாகச் சாப்பிடாது, டொருலா சாப்பிடும்.

தோராயமாக ஒரு கணக்கு: 1 டன் வைக்கோலில் 400 கிலோ சர்க்கரை எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி எடைக்கு, அதாவது 200 கிலோ வரை ஈஸ்ட் வளரும். அதில் புரதம் சுமார் 100 கிலோ. ஆக, அந்தச் சர்க்கரையை எவ்வளவு மலிவாக எடுக்கிறோம் என்பதில்தான் லாபமே இருக்கிறது.

இந்த முதல் கட்ட வேலை இந்தியாவுக்குப் புதிதில்லை. 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலில் இருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் திட்டத்துடன் அமைக்கப்பட்டது. சர்க்கரை எடுப்பது வரை இரண்டுக்கும் பாதை ஒன்றுதான்.

மனிதர்கள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அளவோடு. ஈஸ்டில் நியூக்ளிக் அமிலம் 6-12% வரை உண்டு. அது உடலில் யூரிக் அமிலத்தைக் கூட்டும். இப்படிப்பட்ட உணவில் இருந்து பெரியவர்களுக்கு நாளுக்கு 2 கிராம் நியூக்ளிக் அமிலம்தான் வரம்பு என்றது ஐ.நா.வின் புரத ஆலோசனைக் குழு. பதப்படுத்தாத ஈஸ்ட் என்றால், இது சுமார் 20-30 கிராம்தான். அதனால்தான் இந்தப் புரதம் நம் தட்டுக்கு வருமுன் கோழி, மீன் தீவனத்துக்குப் போவது எளிது.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பயோஇ3 கொள்கையில் 'ஸ்மார்ட் புரதங்களும்' ஒரு பிரிவு. இனி இப்படி ஓர் ஆலை பற்றிய அறிவிப்பைப் படித்தால், எத்தனை டன் புரதம் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கிலோ சர்க்கரைக்கு என்ன செலவு, வைக்கோலுக்கு விவசாயி கையில் என்ன விலை என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள்.