டிக்கியில் தங்கிப்போன கட்டுச்சோறு

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், வரலாறு படித்தவன் ஆயிற்றே, ஏதாவது போரைப் பற்றியோ உடன்படிக்கையைப் பற்றியோ எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது சாப்பாட்டு மூட்டையைப் பற்றி. வரலாற்றில் அதற்கும் இடம் உண்டு.

1969 ஆகஸ்ட் 15 முதல் 18 காலை வரை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற சிற்றூரில் நடந்தது உட்ஸ்டாக் இசைவிழா. மேக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் சுமார் 600 ஏக்கர் நிலம்தான் களம். முதலில் வால்கில் என்ற ஊரில்தான் நடத்துவதாக இருந்தது. அந்த ஊர் நிர்வாகம் ஜூலை நடுவில் கையை விரித்துவிட்டது. ஒரே மாதத்தில் இடம் மாற்றி, மேடை கட்டி, வண்டி நிறுத்த வழி செய்வதென்றால் நடக்கிற காரியமா? வேலியைக்கூட முடிக்க முடியாமல், கடைசியில் எல்லாரும் இலவசமாகவே உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு.

அமெரிக்கர்களுக்குக் கார் என்பது வெறும் வாகனம் அல்ல, நடமாடும் உக்கிராண அறை. கூடாரம், கம்பளி, ரொட்டி, டப்பா உணவு, தண்ணீர் எல்லாம் டிக்கியில் போகும். இறங்கின இடத்தில் கூடாரம் அடிப்பது, வேண்டியதை அப்பப்போ டிக்கியைத் திறந்து எடுத்துக்கொள்வது என்பதுதான் வழக்கம். பெத்தலுக்குக் கிளம்பினவர்களில் பலரும் அந்த நம்பிக்கையில்தான் வந்தார்கள். ஆனால் 17பி என்கிற நாட்டுப்புறச் சாலை அத்தனை வண்டிகளைத் தாங்கவில்லை. பல மைல் தூரத்துக்கு நெரிசல். வண்டியைச் சாலையோரத்தில், சிலர் சாலையிலேயே விட்டுவிட்டுக் கையில் கொண்டதோடு நடந்தார்கள். மற்றதெல்லாம் டிக்கியிலேயே தங்கிவிட்டது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது நண்பர்களே! வண்டிக்காரருக்குத் தன் சோறு எட்டவில்லை என்பதோடு போகவில்லை. வழியை அடைத்து நின்ற அந்த வண்டிகளே மைதானத்துக் கடைகளுக்கு வரவேண்டிய சரக்கையும் மறித்துவிட்டன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் முன்யோசனையோடுதான் வந்திருந்தார்கள். ஒன்றாகச் சேர்ந்தபோது அந்த முன்யோசனையே பஞ்சத்துக்கு வழிவிட்டது. போதாக்குறைக்கு மழை வேறு. வெள்ளி இரவு ரவிசங்கர் சிதார் வாசிக்கும்போதே தூறிய மழை, ஞாயிறு பிற்பகலில் புயலாகவே அடித்து மைதானத்தைச் சேறாக்கியது.

சாலை அடைத்துப்போனதால் இசைக் கலைஞர்களையே ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். தொடக்கநாள் உரையாற்றிய சுவாமி சச்சிதானந்தாவும் ஹெலிகாப்டரில்தான் வந்தார். கோவைக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்த நம்மவர் அவர். அந்தப் பெருங்கூட்டத்தின் முன் ஒரு தமிழர் அமர்ந்து இசையின் ஆற்றலைப் பற்றிப் பேசினார் என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, கூட்டத்துக்குச் சோறு போட்டது யார்? ஹாக் ஃபார்ம் என்ற குழுவினர் இலவசச் சமையல்கூடம் நடத்தினார்கள். கோதுமை நொய்யும் காய்கறியும் வேகவைத்துப் போட்டார்கள். காலையில் காகிதக் குவளைகளில் ஓட்ஸ் கலவை. மான்டிசெல்லோ ஊர் யூதப் பெண்கள் சாண்ட்விச் செய்து அனுப்பினார்கள். ஹெலிகாப்டரிலும் உணவு வந்திறங்கியது. அக்கம்பக்கத்தில் சிலர் தண்ணீரைக் காசுக்கு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்ட யாஸ்கர், தன் கொட்டகையில் ‘தண்ணீர் இலவசம்’ என்று எழுதி மாட்டினாராம். அந்த மூன்று நாள் கலவரம் இல்லாமல் கழிந்ததற்கு இசையைக் காரணம் சொல்வார்கள். இந்தக் கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

பிற்பாடு வந்தவர்கள் உடனே பாடம் கற்றார்கள் என்று சொல்ல முடியாது. 1973 ஜூலையில் அதே மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென்னில் சுமார் ஆறு லட்சம் பேர் கூடியபோதும் இதே கதைதான், சாலையெல்லாம் கைவிட்ட வண்டிகள். 2002-இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய போனரூ விழாவில், வண்டியின் பக்கத்திலேயே கூடாரம் அடிக்க இடம் ஒதுக்கினார்கள். டிக்கிக்கும் அடுப்புக்கும் நாலடி தூரம். அதற்கும் மழை ஒரு கேள்வி வைத்திருந்தது. 2025 ஜூனில் மைதானம் தண்ணீரில் ஊறிப்போய், விழாவைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகள் நாளை எந்த நாட்டிலாவது இப்படி ஒரு விழாவுக்குப் போகலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடிய கார் வெயிலில் அடுப்புதான். வெளியே 27 டிகிரி இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே 45-ஐத் தாண்டிவிடும். பாலும் தயிர்சாதமும் ஐஸ்பெட்டி இல்லாமல் தாங்காது. அவல், கடலை, ரொட்டி தாங்கும். கேஸ் டப்பாவை வெயிலில் நிற்கும் வண்டியில் விடவே கூடாது. எவ்வளவுதான் டிக்கியில் அடைத்தாலும், ஒரு நாளைக்கான தண்ணீரும் தீனியும் தோளில் இருக்கட்டும்.

‘கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?’ என்பார்கள் நம் பெரியவர்கள். பெத்தலில் கட்டின சோறு ஒரு வேளைக்குக்கூட எட்டவில்லை. முகம் தெரியாதவர்கள் போட்ட சோறுதான் எட்டியது. ஆகவே தம்பிகளே, தங்கைகளே, மூட்டை கட்டும்போது பக்கத்துக் கூடாரத்துக்கும் ஒரு பங்கு சேர்த்துக் கட்டுங்கள்.