வில்லன் ஜெயிலுக்குப் போய்விட்டான்!

நீங்கள் ஒரு சினிமா டைரக்டர். அட்டகாசமான உளவு நாவல் ஒன்று கையில் சிக்குகிறது. படமெடுக்கலாம் என்று உட்கார்ந்தால், கதையின் வில்லன் நிஜத்திலேயே ஜெயிலில் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறான். என்ன செய்வீர்கள்?

'தி பார்ன் ஐடென்டிட்டி' நாவலைக் கையில் எடுத்த டைரக்டர் டக் லைமனின் நிலைமை இதுதான்.

ராபர்ட் லட்லம் அந்த நாவலை எழுதியது 1980ல். குண்டுக் காயங்களோடு கடலில் மிதந்து பிழைக்கிறான் ஒருவன். பெயர்கூட ஞாபகமில்லை. தான் யார் என்று தானே துப்பறிய வேண்டும். கடைசியில் பார்த்தால், அமெரிக்க உளவுத்துறைதான் அவனுக்குக் கூலிக் கொலையாளி வேஷம் கட்டி அனுப்பியிருக்கிறது. எதற்கு? கார்லோஸைப் பிடிக்க. தூண்டிலில் கோத்த புழு!

கார்லோஸ் கற்பனை இல்லை, சாமி. வெனிசுலாக்காரன். நிஜப் பெயர் இலிச் ராமிரெஸ் சான்செஸ். அப்பாவுக்கு லெனின்மேல் அப்படியொரு பக்தி. விளாதிமிர் இலிச் லெனின் என்ற ஒரே பெயரை மூன்று மகன்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்! 1975 டிசம்பரில் வியன்னாவில் ஒபெக் கூட்டத்துக்குள் புகுந்து, எண்ணெய் மந்திரிகளையே பிணைக்கைதிகளாக விமானத்தில் அள்ளிக்கொண்டு போனவன் இந்த இலிச். 1980ல் கார்லோஸ் என்றாலே வாசகர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் 1994ல் சூடானில் மாட்டினான். 1997ல் பாரிஸில் ஆயுள் தண்டனை.

லைமன், கார்லோஸைக் கதையிலிருந்து தூக்கிவிட்டார். புது வில்லன்? வீட்டிலேயே விஷயம் இருந்தது. அவருடைய அப்பா ஆர்தர் லைமன் பெரிய வக்கீல். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தக் காசை நிகரகுவா கலகக்காரர்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரத்தை 1987ல் செனட் கமிட்டி விசாரித்ததல்லவா, அதற்குத் தலைமை வழக்கறிஞர். ஆலிவர் நார்த் என்ற ராணுவ அதிகாரியை டி.வி. காமிராக்களுக்கு முன்னால் குடைந்தெடுத்தவர். அந்த நார்த்தின் சாயலில்தான் படத்தின் சி.ஐ.ஏ. அதிகாரி காங்க்லின் உருவானார்.

இதனால் கதையே தலைகீழ். நாவலில் பார்ன் பொய்க் கொலையாளி. படத்தில் நிஜக் கொலையாளி. சுடப்போன இடத்தில் பக்கத்தில் குழந்தை. கை வரவில்லை. அனுப்பியவர்களே துரத்துகிறார்கள். லட்லம் தன் ஹீரோவுக்குக் கொடுத்த நல்ல பிள்ளை சர்டிபிகேட்டைக் கிழித்துப் போட்டார்களே, அதுதான் துணிச்சல். கார் துரத்தல், பேனாவையே ஆயுதமாக்கும் சண்டை எல்லாம் அப்புறம்தான். என்ன, கம்போடியாவில் மனைவி மக்களை விமானத் தாக்குதலில் பறிகொடுத்த நாவல் பார்னின் சோகமும் கூடவே போய்விட்டது. அது நஷ்டம்தான்.

2002 ஜூனில் படம் ரிலீஸானபோது லட்லம் இல்லை. 2001 மார்ச்சிலேயே இறந்துவிட்டார். கார்லோஸ் பிரான்ஸ் ஜெயிலில் இருந்தான்.