எலிக்குப் புத்தி ஏறுச்சா, சூடு ஏறுச்சா?

மூளைக்குள்ள ஞாபகம் எப்படிப் பதியுதுங்கிற தேடலில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை நார்வேயில், ஆஸ்லோவில் ஆரம்பிக்கிறது. 1966-ல் பெர் ஆண்டர்சனின் ஆய்வுக்கூடத்தில் டெர்யே லோமோ என்ற இளைஞர், மயக்கத்தில் இருந்த முயலின் ஹிப்போகேம்பஸ் பகுதிக்குப் போகும் நரம்பிழைகளை மின்சாரத்தால் படபடவென்று தூண்டிப் பார்த்தார். அதுக்கப்புறம் அதே நரம்பிணைப்பு சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகப் பதில் சொன்னது, அதுவும் மணிக்கணக்கில்! பிறகு இங்கிலாந்திலிருந்து டிம் பிளிஸ் வந்து சேர்ந்துகொள்ள, 1973-ல் கட்டுரை வெளியானது. இதைத்தான் எல்டிபி என்கிறார்கள். நீடித்து நிற்கும் வலுவேற்றம்னு வெச்சுக்கலாம்.

சரி, கரண்ட் கொடுத்தா இணைப்பு வலுவாகுது. எலி தானா ஒரு இடத்தைச் சுத்திப் பார்த்துக் கத்துக்கும்போதும் இதேதான் நடக்குதா? அதானே கேள்வி!

1980களின் கடைசியில் அமெரிக்காவில் மெக்நாட்டன், பார்ன்ஸ் குழுவினர், புது இடத்தில் உலவும் எலிகளிடம் இந்தச் சிக்னல் மாறுவதைப் பதிவு செய்தார்கள். கற்றலையே கண்ணால பார்த்தாச்சுன்னு பலருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் தண்ணி ஊத்தினது யாருன்னு நினைக்கறீங்க? அதே ஆண்டர்சனின் கூடம்தான் :) 1993-ல் அவரோட மாணவர் எட்வர்ட் மோசர் எலியின் மூளைக்குள் வெப்பத்தை அளந்தார். ஓடியாடும்போது தசை உழைப்பில் மூளையும் சூடாகிறது. எந்த அளவுக்குச் சூடு ஏறியதோ அந்த அளவுக்குச் சிக்னலும் ஏறியது. எலியைச் சும்மா வெச்சுச் சூடாக்கினாலும் அதே கதை! எல்டிபி பிறந்த வீட்டிலேயே இப்படி ஒரு கட்டுரை எழுத நெஞ்சுரம் வேணும் சாமி.

அவர் அதோடு விட்டுவிடவில்லை. வெப்பத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தார். புது இடத்தைப் பார்த்த எலிகளில் சின்னதாக, கொஞ்ச நேரமே நிற்கிற ஒரு வலுவேற்றம் மிஞ்சியது. 1994-ல் அதையும் வெளியிட்டார்.

அடுத்து, கேள்வியையே தலைகீழாகப் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடையை எலி நீந்திக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு, ரிச்சர்ட் மோரிஸ் உருவாக்கியது. மோசரும் அப்போது அவர் மனைவியாக இருந்த மே-பிரிட்டும் மோரிஸோடு சேர்ந்து, எலிகளின் ஒரு பக்க ஹிப்போகேம்பஸை நீக்கிவிட்டு, மறுபக்க இணைப்புகளை மின்சாரத்தால் முன்கூட்டியே முடிந்தவரை வலுவாக்கிவிட்டுத் தொட்டியில் விட்டார்கள். 1998-ல் முடிவு வந்தது. இனி வலுவாக இடமே இல்லாத எலிகள் மேடை இருக்கும் இடத்தைக் கத்துக்க முடியாமல் திணறின. கொஞ்சம் இடம் மிச்சமிருந்த எலிகள் கத்துக்கிட்டன.