கை கொடுப்போரும் காசு கொடுப்போரும்: நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் புல்வெளியை முன்வைத்து

பூங்காத் தொண்டு என்றதும் விடுமுறை நாள் காலையில் கையுறை மாட்டிக்கொண்டு களை பிடுங்கும் ஊர்க்காரர்கள்தான் கண்முன் வருவார்கள். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் களை பிடுங்குபவரையும் காசோலையில் கையெழுத்திடுபவரையும் 'தொண்டு' என்ற அதே சொல்லால்தான் குறிக்கிறோம். பொதுப் பூங்காக்களைத் தாங்கும் அறக்கட்டளைகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்தச் சொல்லிலேயே வழுக்கி விழுகிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற அறக்கட்டளை இதைப் பிரித்துப் பார்க்க ஏற்ற களம்.

1975இல் நியூயார்க் மாநகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்தது. முதலில் வெட்டுப்பட்ட செலவுகளில் பூங்காவும் ஒன்று. ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரும் 1858இல் வரைந்த திட்டத்தில் உருவான 843 ஏக்கர் சென்ட்ரல் பார்க்கில் புல்வெளிகள் கட்டாந்தரையாயின. பாலங்களிலும் கட்டடங்களிலும் கிறுக்கல்கள் ஏறின. அந்தச் சூழலில் இரண்டு குழுக்கள் தனித்தனியே வேலை செய்தன. எலிசபெத் பார்லோ ராஜர்ஸ் நடத்திய சென்ட்ரல் பார்க் டாஸ்க் ஃபோர்ஸ் இளைஞர்களையும் தன்னார்வலர்களையும் பூங்காவுக்குள் இறக்கியது. முதலீட்டாளர்களான ரிச்சர்ட் கில்டரும் ஜார்ஜ் சோரோசும் தொடங்கிய சென்ட்ரல் பார்க் கம்யூனிட்டி ஃபண்ட், பூங்கா நிர்வாகத்தைப் பற்றி ஆய்வு நடத்தச் செய்தது. அந்த ஆய்வு கேட்டது மண்வெட்டியை அல்ல. பூங்காவுக்கெனப் பொறுப்பான ஒரு தலைமை நிர்வாகியையும், மேற்பார்வைக்கு ஒரு குழுவையும். 1979இல் பூங்கா ஆணையர் கார்டன் டேவிஸ், ராஜர்ஸை அந்தப் பொறுப்பில் அமர்த்தினார். மறு ஆண்டு இரு குழுக்களும் இணைந்து கன்சர்வன்சி பிறந்தது. கையும் காசும் ஒரே கூரையின்கீழ் வந்தது அப்போதுதான்.

அதன் பலனை மறுப்பவன் அல்ல நான். 1990களில் கன்சர்வன்சி பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தோட்டக்காரரின் பொறுப்பில் விட்டது. குப்பை பொறுக்குவதும் புல் நடுவதும் வழி கேட்பவருக்குப் பதில் சொல்வதும் அவர் வேலை. தன்னார்வலர்கள் அவர் சொல்கேட்டு அவரோடு குனிந்து நிற்பார்கள். ஒரு பெஞ்சு உடைந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அங்கே ஒரு முகம் உண்டு. நம் ஊர் அலுவலகங்களில் நாலு மேசை ஏறி இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காசின் கதை வேறு. 1993இல் கில்டர் 1.7 கோடி டாலர் தர முன்வந்தார். மாநகராட்சியும் அதே அளவு போட வேண்டும், கன்சர்வன்சியும் அதே அளவு திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு தனிமனிதரின் கொடை பொதுக் கருவூலம் எங்கே செலவழிக்க வேண்டும் என்று திசைகாட்டியது. 1998இல் முறையான ஒப்பந்தம் வந்தது: பராமரிப்பு கன்சர்வன்சிக்கு, கொள்கை முடிவு மாநகராட்சிக்கு. 2012இல் முதலீட்டாளர் ஜான் பால்சன் 10 கோடி டாலர் கொடுத்தார். இப்படிக் கொடுப்பவருக்கு அமெரிக்கச் சட்டம் வருமான வரிச்சலுகை தருகிறது. அதாவது அந்தக் கொடையில் ஒரு பங்கு, அரசுக்கு வந்திருக்க வேண்டிய பணம். ஆனால் நன்றி முழுதும் கொடையாளருக்கே போகிறது.

ஒப்பந்தத்தின் 'பராமரிப்பு', 'கொள்கை' என்ற பிரிவினை காகிதத்தில் தெளிவாகவே இருக்கிறது. புல்லில் அது நிற்கிறதா என்பதே என் கேள்வி.

கிரேட் லான் என்ற பெரும் புல்வெளி ஒரு காலத்தில் குடிநீர்த் தேக்கம். நீரை வடித்து 1930களில் புல் போட்டார்கள். 1982 ஜூன் 12இல் அணு ஆயுத எதிர்ப்புப் பேரணிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அங்கே திரண்டனர். அப்போது அது புல்வெளி என்பதைவிடப் புழுதிவெளி. கன்சர்வன்சி அதைப் புதுப்பித்து 1997இல் திறந்தது. அதன்பின் மழை பெய்து தரை ஊறினால் சிவப்புக் கொடி ஏறும். குளிர்காலத்தில் வெளி மூடிக்கிடக்கும். புல்லை அறிந்தவர் யாரும் இதைக் குறை சொல்லமாட்டார்.

2004 ஆகஸ்டில், குடியரசுக் கட்சியின் தேசிய மாநாட்டையொட்டி யுனைடெட் ஃபார் பீஸ் அண்ட் ஜஸ்டிஸ் என்ற போரெதிர்ப்புக் கூட்டமைப்பு அதே இடத்தில் பேரணி நடத்த அனுமதி கேட்டது. புல் பாழாகும் என்று மாநகராட்சி மறுத்தது. மறுத்தது கன்சர்வன்சி அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மறுப்புக்குக் கிடைத்த காரணம், கொடைப் பணம் வளர்த்த புல். அடுத்து வந்த விதிகள் அங்கே ஆண்டுக்கு ஆறு பெருநிகழ்ச்சிகள் என்று வரம்பு கட்டின. அவற்றில் நான்கு மெட்ரோபாலிடன் ஓபராவுக்கும் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்குக்கும் ஒதுக்கப்பட்டன. பேரணிக்காரனின் செருப்புக்கு நசுங்கும் புல், ஓபரா ரசிகர் விரிக்கும் ஜமுக்காளத்துக்கு அந்த நான்கு இரவுகளில் மட்டும் நிமிர்ந்து நிற்குமா என்று கேட்பது குதர்க்கமாகத் தோன்றலாம். ஆனால் பராமரிப்பு எப்படிக் கொள்கையாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. யாரும் பேச்சுரிமையைத் தடுக்கவில்லை, வேரைத்தான் காத்தார்கள்.

இந்த இடத்தில் வழக்கமான விமர்சனம் திசைமாறிப் போகிறது. 2013இல் மாநில செனட்டர் டேனியல் ஸ்குவாட்ரன், ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் செலவிடும் பூங்கா அறக்கட்டளைகள் ஐந்தில் ஒரு பங்கை ஏழைப் பகுதிப் பூங்காக்களுக்குத் தர வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. பிராங்ஸின் பூங்காவுக்கும் மன்ஹாட்டனின் பூங்காவுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு கண்கூடு. அதைத் தீர்க்க முனைந்தது நியாயமே. ஆனால் மசோதா பணத்தைப் பங்கிட்டது, முடிவெடுக்கும் இடத்தைத் தொடவில்லை. ஐந்தில் ஒரு பங்கு போனாலும், மீதி நான்கு பங்கு வளர்க்கும் புல்லில் யார் கால் வைக்கலாம் என்ற கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும். மாறாக, கூட்டம் கூடும் உரிமையால் சேதமாகும் புல்லைச் சரிசெய்யும் செலவையும் பராமரிப்புச் செலவின் பகுதியாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். அப்போது புல் பாழாகும் என்பது மறுப்புக்குக் காரணமாகாது, செலவுக் கணக்கில் ஒரு வரியாகும்.

அதே 2004இல் அனுமதி மறுக்கப்பட்ட வேறு இரு அமைப்புகள் தொடுத்த வழக்கு 2008இல் சமரசத்தில் முடிந்தது. அதன்படி மாநகராட்சி ஓர் ஆய்வுக்கு இசைந்தது. ஆய்வில் வைத்த கேள்வி, அந்தப் புல்வெளி எவ்வளவு பயன்பாட்டைத் தாங்கும் என்பது.