களத்தில் வளர்ந்த உறவு
திருகோணமலையில் கத்தோலிக்கத் திருச்சபை ஊராரோடு உறவு பூண்ட வரலாற்றைப் பள்ளி விளையாட்டுக் களத்திலும் தேடலாம். துறைமுக நகரின் புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் தோன்றியது. 1948இல் அமெரிக்க நாட்டினின்று இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார் அங்கே கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். ஊரோ பல சமயத்தது. தன் அணியினனுக்குப் பந்தை எறியும் சிறுவன் அவன் சமயத்தை வினவுவதில்லை அன்றோ!

பின்னர் அவர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிக்குச் சென்றார். அங்கும் கூடைப்பந்தே. போர் மூண்டபோது சமாதானக் குழுவில் சேர்ந்து, துன்புற்றோர் பக்கம் நின்றார். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையினின்று மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அடிகளாரும், உடன்சென்ற தமிழ் இளைஞரும் ஊர் வந்து சேரவில்லை.